அப்பாவின் அல்சர், பிள்ளையின் வயிற்று வலி

காலை ஏழு மணிக்குள் சரோஜினி நகர் வீடுகளில் பாதிச் சமையல் முடிந்துவிடும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு ஆபீஸ் பஸ், அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருக்கு மெட்ரோ. எல்லோரும் ஒரே வேளையில் கிளம்ப வேண்டிய அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் அந்தக் குரல் கேட்கிறது: "அம்மா, வயிறு வலிக்குது."

"ஏண்டா, நேத்து ராத்திரி டி.வி. பார்க்கும்போது வலிக்கலையா? இன்னிக்குக் கணக்குப் பரீட்சை. அதான் வலிக்குது" என்கிறார் அம்மா. "ஊரிலேன்னா தொக்கம் எடுத்திருப்போம், ஒரே நாள்லே சரியாப் போயிருக்கும்" என்பது ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியின் அபிப்பிராயம். "எனக்கும் இந்த வயசிலே இருந்துச்சும்மா. நம்ம குடும்பத்துக்கே வயிறு சரியில்லே. என் மருந்திலே ஒரு ஸ்பூன் குடு, போதும்" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்குகிறார். அவருடைய பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை அல்சர் மாத்திரை எப்போதும் இருக்கும்.

மூன்று பேருக்கும் பிள்ளையின் மேல் பாசம் இல்லாமலில்லை. ஆனால் மூவரின் தீர்ப்பும் பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கூடம் போகாமல், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடம்பு வெளுத்துப்போன பிறகுதான் பல குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் அப்பா சொன்ன வார்த்தையில், அவரே அறியாத ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அவருடைய அல்சருக்கு வித்து, பெரும்பாலும் இந்தப் பிள்ளையின் வயதில்தான் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீடு

ஒரு காலத்தில் விநய் நகர் என்று அழைக்கப்பட்ட சரோஜினி நகர், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. செக்ரடேரியட் குமாஸ்தாக்களாக வந்த தமிழர்கள் இங்கே வேரூன்றினார்கள். பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. 2016-இல் மத்திய அரசு அனுமதித்த ஏழு குடியிருப்புகளின் மறுநிர்மாணத் திட்டத்தில் சரோஜினி நகரும் சேர்ந்தது. பழைய குவார்ட்டர்ஸ்கள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கின. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் மட்டுமல்ல, மார்க்கெட் கடைகளில் வேலை செய்பவர்களும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் இந்தப் பகுதியைச் சார்ந்து பிழைப்பவர்கள்தாம்.

நோய்க்கு மருத்துவம் தேடுகிறவர்களுக்கு இந்த இடம் ஒரு கொடுப்பினை. ரிங் ரோடு வழியாகச் சற்றுத் தூரம் போனால் சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படைகளுக்காகக் கட்டப்பட்டு, 1954-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வந்தது அது. அதற்கு எதிரிலேயே, 1956-இல் நிறுவப்பட்ட எய்ம்ஸ். அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டமும் 1954-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது தில்லியில்தான். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பிள்ளையின் வயிற்று வலி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. "வெறும் வயிற்று வலிக்கு எய்ம்ஸா?" என்ற கூச்சமும், ஒரு நாள் லீவு போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற கவலையும் தடுத்துவிடுகின்றன.

பொய் சொல்கிறதா குழந்தை?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி, 1950-களில் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார். மூன்று மாதத்துக்குக் குறையாத காலத்தில் குறைந்தது மூன்று முறை, ஓடியாடுவதைக் கெடுக்கும் அளவுக்கு வயிற்று வலி வந்த குழந்தைகளை மட்டும் கணக்கில் எடுத்தார். பத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி இருந்தது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் உறுப்புகளில் நோய் தென்பட்டது. இந்த முடிவுகள் 1958-இல் வெளியாயின.

நோய் தென்படவில்லை என்றால் வலியே இல்லை என்று அர்த்தமாகாது. குடலுக்கும் மூளைக்கும் நரம்புகள் வழியாக ஓயாத செய்திப் போக்குவரத்து உண்டு. சில குழந்தைகளுக்கு அந்தப் பாதை கொஞ்சம் கூர்மையாக வேலை செய்கிறது. பரீட்சைப் பயம், புதுப் பள்ளி, புரியாத இந்தி, வீட்டில் அப்பாவின் மாற்றல் உத்தரவு என்று எதுவும் அந்த வலியைக் கிளப்பிவிடலாம். வலி நிஜம். குழந்தை நடிக்கவில்லை. இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியே இருக்கும். தொப்புளை விட்டு எவ்வளவு தூரம் வலி விலகுகிறதோ அவ்வளவுக்கு உறுப்பில் நோய் இருக்கும் சந்தேகம் கூடுகிறது என்பது ஆப்லி விட்டுச் சென்ற பாடம். இன்றைக்கும் டாக்டர்கள் குழந்தையிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஒரே விரலால் காட்டு கண்ணு, எங்கே வலிக்குது?" என்பதுதான்.

விரல் தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழிக்குக் கீழே போய் நின்றால், டாக்டரின் கவனம் இரைப்பையின் பக்கமும், அதை ஒட்டிய முன்சிறுகுடலின் பக்கமும் திரும்புகிறது. டியோடினம் என்பது இந்த முன்சிறுகுடல்தான். இரைப்பையில் ஊறும் அமிலம் இரும்பு ஆணியையும் அரிக்கும் தன்மை உடையது. அந்த அமிலம் இரைப்பையையே தின்றுவிடாதபடி உட்புறம் ஒரு வழவழப்பான சவ்வு காத்து நிற்கிறது. அந்தக் காப்பு கெட்டால் சவ்வு சிவந்து வீங்குகிறது. இதுவே அழற்சி. அது மாதக்கணக்கில் நீடித்தால் நாட்பட்ட அழற்சி. சவ்வு அறுந்து பள்ளம் விழுந்தால் புண். நாம் அல்சர் என்று சொல்வது இந்தக் கடைசிக் கட்டத்தை. குழந்தைகளுக்கு அல்சர் அபூர்வம். அழற்சி அவ்வளவு அபூர்வமல்ல.

அரிசிச் சோறும் ரயில்வே ஊழியர்களும்

தென்னாட்டவரின் வயிறு நெடுங்காலமாகவே மருத்துவ உலகத்தின் கவனத்தில் இருந்து வந்திருக்கிறது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறும் குழுக்களில் போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், முதல் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூரிலும் இருந்த நெய்யூருக்கு வந்தவர், அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். அவர் கண்ட நோயாளிகளில் முன்சிறுகுடல் புண்காரர்கள் ஏராளம். இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்து வழி உண்டாக்கும் அறுவையை அவர் பெரும் எண்ணிக்கையில் செய்தார். அந்த அனுபவத்தை மருத்துவ இதழ்களிலும் எழுதினார். ஏழைகளின் ஆகாரத்தில் உள்ள குறைபாட்டைப் பற்றி அப்போதே சந்தேகம் எழுந்தது.

பிறகு 1960-களில் வந்தவர் ரயில்வே டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா. நாடெங்கும் ஒரே நிர்வாகம், ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வைத்திய வசதி உள்ளவர்கள் ரயில்வே ஊழியர்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது பெரும்பாலும் அவர்களுடைய உணவுதான். அந்த ஊழியர்களின் வைத்தியப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர், தென்னகத்தில் அல்சர் மிக அதிகம், பஞ்சாபில் மிகக் குறைவு என்று கண்டார். சப்பாத்தியை மென்றுதான் தின்ன முடியும். அப்போது உமிழ்நீர் நிறையச் சேர்கிறது. குழைந்த சோறோ மெல்லாமலே இறங்கிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். கோதுமை உணவு சாப்பிட்டவர்களுக்கு அல்சர் திரும்பி வருவது குறைகிறது என்று 1978-இல் மற்றோர் ஆய்வையும் வெளியிட்டார். தென்னாட்டிலிருந்து வடக்கே வந்த எத்தனையோ குமாஸ்தாக்கள், டாக்டர் சொன்னார் என்று இரவுச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றிக்கொண்ட காலம் அது.

அந்த நாட்களில் அல்சருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை மூன்று: காரம், கவலை, நேரந்தவறிய சாப்பாடு. நோயாளிக்குப் பத்தியம் போட்டார்கள். மோர் சோறும் பாலுமாக வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. வலி குறையும், மறுபடி வரும், மறுபடி குறையும். இப்படியே ஓய்வு பெற்றவர்கள் பலர்.

பெர்த் நகரத்துக் கண்டுபிடிப்பு

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த் நகரில், ராபின் வாரன் என்ற நோய்க்கூறு நிபுணர் 1979-இல் ஒரு விசித்திரத்தைக் கண்டார். அழற்சி கண்ட இரைப்பைச் சவ்வை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வளைந்த உருவமுள்ள சிறு கிருமிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அமிலக் குழம்பில் எந்தக் கிருமியும் வாழாது என்பது அன்றைய வேதவாக்கு. வாரன் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1981-இல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துக் காட்ட இருவரும் முயன்றார்கள். தட்டுகளை இரண்டு நாளில் பார்த்துவிட்டு எறிவது வழக்கம், ஒன்றும் வளரவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது!

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. இரைப்பையைச் சோதித்தபோது அழற்சி கண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவப் புத்தகங்கள் திருத்தி எழுதப்பட்டன. ஹெலிகோபேக்டர் பைலோரி என்று இன்று பெயர் பெற்றிருக்கும் அந்தக் கிருமிக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயுள் முழுதும் பத்தியம் இருந்தவர்களின் அல்சருக்கு, இரண்டு வார மருந்தில் விடிவு பிறந்தது.

வித்து எப்போது விழுகிறது?

பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது இனிமேல்தான் வருகிறது. இந்தக் கிருமி பெரும்பாலும் பெரியவர்களான பிறகு தொற்றுவதில்லை. குழந்தைப் பருவத்திலேயே குடியேறிவிடுகிறது. வைத்தியம் செய்யாவிட்டால் ஆயுள் முழுதும் அங்கேயே இருக்கும். நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில், இருபது வயதைத் தொடுவதற்குள்ளாகவே பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருப்பது தெரிய வந்திருக்கிறது. ஒருவரின் வாயிலிருந்தும், வாந்தியிலிருந்தும், மலத்தால் அசுத்தமான கை, தண்ணீர் வழியாகவும் இது அடுத்தவருக்குப் போகிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுத்து, ஒரே சொம்பில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்த வீடுகளில் பரவுவது சுலபம். தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. பல் முளைக்காத குழந்தைக்குப் பாட்டி சோற்றை மென்று ஊட்டுவது அன்பால்தான். கிருமிக்கு அந்த அன்பு தெரியாது.

"நம்ம குடும்பத்துக்கே வயிறு சரியில்லே" என்று அப்பா சொன்னதன் பொருள் இதுதான். குடும்பத்தில் இறங்கிவருவது பெரும்பாலும் சாபமோ ஜாதக தோஷமோ அல்ல. ஒரே வீட்டுக்குள் கைமாறி வரும் ஒரு கிருமி. ஜப்பானில் யுத்தத்துக்கு முன் பிறந்தவர்களில் இந்தக் கிருமி மிகப் பரவலாக இருந்தது. பின்னர் நல்ல தண்ணீரும் கழிப்பறை வசதியும் வந்த தலைமுறைக் குழந்தைகளிடம் மிகவும் குறைந்துவிட்டது. பரம்பரை மாறவில்லை, குழாய்த் தண்ணீர் மாறியது.

காரத்தின் மேல் இருந்த பழியும் ஏறக்குறைய நீங்கிவிட்டது. மலேசியாவில் மலாய்க்காரர்களும் தமிழர்களும் காரத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களல்ல. ஆனால் கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர்களிடம் இந்தக் கிருமி உலகிலேயே மிகக் குறைந்த அளவில் காணப்பட்டது. அல்சரும் அங்கே குறைவு. பெரும்பாலும் தமிழர்களான மலேசிய இந்தியர்களிடமோ கிருமி மிக அதிகம். மிளகாய்தான் குற்றவாளி என்றால் இந்த வேற்றுமை வந்திருக்காது. அழற்சி இருக்கும்போது காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது காரமல்ல.

அப்படியானால் மல்ஹோத்ரா சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் கிருமி பரவலாகவே இருக்கிறது. அல்சர் மட்டும் ஒரே அளவில் இல்லை. கிருமி வித்து என்றால், அது முளைக்கும் மண்ணைப் பண்படுத்துவதில் உணவுக்கும் பங்கு உண்டு என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அதே மலேசிய இந்தியர்களிடம் கிருமி மிகுந்திருந்தும் இரைப்பைப் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது. ஆகவே கிருமி இருக்கிறது என்று கேட்டதும் பதற வேண்டியதில்லை.

கிருமி இருந்தால் மருந்தா?

இங்கேதான் பெற்றோர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். கிருமி உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தொப்புளைச் சுற்றி வந்து போகும் சாதாரண வலிக்கும் இந்தக் கிருமிக்கும் உறுதியான தொடர்பு காணப்படவில்லை. ஆகையால் வயிறு வலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாக் குழந்தைகளுக்கும் கிருமிச் சோதனை செய்ய வேண்டாம் என்பதே உலகக் குழந்தை வயிற்று நோய் நிபுணர்களின் முடிவு. ரத்தத்தை எடுத்துச் செய்யும் சோதனை இதற்கு உதவாது. கிருமி இப்போது இருக்கிறதா, எப்போதோ இருந்து போனதா என்று அது பிரித்துச் சொல்லாது. பக்கத்துக் கடையில் கிருமி மருந்தை வாங்கிப் பாதியில் நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம். அப்படி நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். நம் நாட்டில் அந்தத் தொல்லை ஏற்கெனவே பெருகியிருக்கிறது.

எந்தக் குழந்தையைத் தாமதமின்றி டாக்டரிடம் காட்ட வேண்டும்? நெஞ்சுக்குழியில் வலி, நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, அடிக்கடி வாந்தி, இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவது, எடை குறைவது அல்லது உயரம் கூடாமல் நிற்பது, காரணம் தெரியாத காய்ச்சல், இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் தீராத ரத்தசோகை, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அல்சர் இருப்பது. வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கசடோ வந்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், பச்சைநிற வாந்தி எடுத்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்த வேளையிலேயே கேஷுவால்டிக்குப் போக வேண்டும். இரும்பு டானிக் சாப்பிடும் குழந்தைக்கு அதனாலேயே மலம் கறுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டானிக் கொடுப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தில்லித் தண்ணீரும் கோதுமையும்

முன்சிறுகுடல் அழற்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. தில்லியில் வாழும் தமிழர்கள் இரண்டை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

முதலாவது ஜியார்டியா என்ற நுண்ணுயிர். அசுத்தத் தண்ணீரில் வந்து சரியாக முன்சிறுகுடலிலேயே குடியிருக்கும். வயிறு உப்பும், ஏப்பம் நாறும், மலம் எண்ணெய்ப் பசையோடு போகும். மலச் சோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் எளிது. கோடையில் குழாய் அழுத்தம் குறைந்து தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் கொதிக்கவைத்துக் குடிப்பது நல்ல காப்பு.

இரண்டாவது சீலியாக் என்ற நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஆகாது. அது சிறுகுடலின் உட்சவ்வைத் தேய்த்துவிடும். முதல் அடி விழுவது முன்சிறுகுடலுக்குத்தான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளைச் சேர்ந்த 23,331 பெரியவர்கள் சோதிக்கப்பட்டார்கள். வடக்கில் ஆயிரம் பேரில் 12 பேருக்கு இந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. கோதுமை சாப்பிடும் அளவுதான் பெரிதும் வேறுபட்டது. ஊரில் இட்லியும் சோறுமாக இருந்த குடும்பம் தில்லிக்கு வந்து மூன்று வேளையும் கோதுமைக்கு மாறும்போது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு தென்பட்டால் இந்த நோயை நினைக்க வேண்டும். சோதனை முடிவதற்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சோதனையில் நோய் மறைந்துபோகும்.

குழாய் விட்டுப் பார்ப்பது

டாக்டருக்குச் சந்தேகம் வலுத்தால் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வார். இதைக் கேட்டதும் தாய்மார்கள் அழுதுவிடுகிறார்கள். குழந்தைக்கு மயக்கம் தரும் மருந்து கொடுத்து, முனையில் காமிரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்ப்பதுதான் அது. முந்தைய ராத்திரியிலிருந்தோ டாக்டர் சொல்லும் மணியிலிருந்தோ வயிறு காலியாக இருக்க வேண்டும். பார்ப்பது சில நிமிஷ வேலை. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் கடுகளவு சதை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அழற்சியா, புண்ணா, பைலோரியா, சீலியாக்கா, வேறு எதுவுமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெளிவாகிவிடும்.

பைலோரியால் புண் உண்டாகியிருந்தால் அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்தும் இரண்டு வகைக் கிருமிக்கொல்லிகளுமாகப் பொதுவாக 14 நாள் கொடுப்பார்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அப்பாவின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. ஐந்தாம் நாள் வலி நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தாமல் பதினான்கு நாளும் முடிக்க வேண்டும். மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி ஒழிந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியைத் தவறவிடுகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

டாக்டரைப் பார்க்குமுன் ஒரு மாதம் மாதக் காலண்டரில் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். எந்தத் தேதி, எத்தனை மணி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த இடம், மலம் கழிந்ததா, அன்று பள்ளி உண்டா என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் வரும் வலிக்குப் பரீட்சை காரணமாக இருக்க முடியாது என்பது அம்மாவுக்கே புரிந்துவிடும்.

அந்தக் குறிப்பில் மலச்சிக்கலைத் தனியே பார்க்க வேண்டும். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் நாள் முழுதும் அடக்கிக்கொள்ளும் குழந்தைகள் அதிகம். வயிற்று வலிக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் அதுவும் ஒன்று. காலையில் பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பி, வெந்நீர் கொடுத்து, அவசரப்படுத்தாமல் உட்காரவைத்தால் மருந்தில்லாமலே தீரும் வலிகள் உண்டு.

ஜுரத்துக்கும் உடம்பு வலிக்கும் கொடுக்கும் சில மருந்துகள் இரைப்பைச் சவ்வை அரிக்கும். இபுப்ரோஃபென் அந்த வகையைச் சேர்ந்தது. ஆஸ்பிரினை டாக்டர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றுத் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு எந்த மாத்திரை கொடுக்குமுன்னும் டாக்டரைக் கேட்பது நல்லது. அமிலம் குறைக்கும் மருந்தையும் மாதக்கணக்கில் தாமாகக் கொடுக்கக் கூடாது. அமிலம் வீணுக்குச் சுரப்பதல்ல. சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளை அழிக்கும் காவல்காரன் அது.

பாட்டியின் மணத்தக்காளிக் கீரைக்கும் மோர் சோற்றுக்கும் தடையில்லை. வயிற்றுக்கு இதமான ஆகாரம் அவை. ஆனால் அவை கிருமியைக் கொல்லும் மருந்தல்ல. தொக்கம் எடுப்பதும் குடலேற்றம் என்று வயிற்றைத் தடவுவதும் வேறு விஷயம். அங்கே இழப்பது காசு மட்டுமல்ல, நாட்களும்தான். குடல்வால் வீக்கம் போன்ற ஆபத்து உள்ளே இருந்தால் அந்த நாட்கள் உயிருக்கே வினையாகும்.

சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்ச்சிய தண்ணீர், மென்று ஊட்டாமல் பிசைந்து ஊட்டுவது, ஆளுக்கொரு தம்ளர். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. அல்சருக்கு வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கும் அப்பாவும் ஒருமுறை தம்மைச் சோதித்துக்கொள்வது நல்லது. கிருமி இருந்து அதை ஒழித்துவிட்டால், பையில் அந்த அட்டையைச் சுமக்கும் வழக்கமே அவருக்கு நின்றுபோகலாம்.

நாளைக் காலையும் ஏதோ ஒரு வீட்டில் "அம்மா, வயிறு வலிக்குது" என்ற குரல் கேட்கத்தான் போகிறது. பள்ளி வேன் கீழே நிற்கும், ஆபீஸுக்கு நேரமாகும். திட்டுவதற்கு ஆகும் அதே அரை நிமிஷத்தில், "எங்கேடா கண்ணு, ஒரு விரலால் காட்டு" என்று கேட்டுவிடலாம். விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் காலண்டரில் குறித்துவிடலாம். சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே போகவேண்டிய பிள்ளை யார், வீட்டிலேயே தேறக்கூடிய பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ள அந்த அரை நிமிஷம் உதவும்.